நிரைக்குள் வராத ஆயிரத்தொன்பது

மன்னார்த் தாராபுரத்தில் ஒரு வீட்டின் குளியலறைச் சுவருக்கு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. கை முழுக்கச் சீமெந்து. சுட்டுவிரலைக் காற்சட்டையில் துடைத்து, தொலைபேசியைத் தரையில் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, பின்னேரம் அவளை ஒப்பரேசன் தியேட்டருக்குள்ள கொண்டுபோகினமாம். தலைக்குள்ள திரும்பவும் ரத்தம் கட்டியிருக்காம். அத்தான் இப்பதான் எடுத்துச் சொன்னவர். நான் இண்டைக்கே விளக்கு வைக்கப்போறன். நீ வா. நிரை பிடிக்க உன்னை விட்டா ஆர் இருக்கினம்?"

"எத்தினை விளக்கு அக்கா?"

"ஆயிரத்தெட்டு. அதோட அவளுக்கெண்டு ஒண்டு. ஆயிரத்தொன்பது."

கையிலிருந்த டைல்ஸைச் சுவரோடு அழுத்திப் பிடித்தபடி இருந்தேன். ஒட்டிய பிறகும் கையை எடுக்கத் தோன்றவில்லை.

அவள் என்பது அக்காவின் ஒரே மகள், என் மருமகள். மன்னார்த் தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். முந்தின கிழமை தோட்டவெளிப் பக்கமாக ஸ்கூட்டியில் வந்தபோது ஒரு கழுதை வீதிக்குக் குறுக்கே பாய்ந்தது. எங்கள் பக்கத்தில் கழுதைகள் வழிவிட மாட்டா, நாங்கள்தான் விடவேண்டும். அவள் விட்டாள், மதகுக் கல்லில் போய் விழுந்தாள். மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அக்கா வார்டு வாசலில் இரண்டு முறை மயங்கி விழ, அத்தான் அவவை உயிலங்குளத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டு மகளோடு நின்றுகொண்டார். அன்றைக்கே அக்கா குளக்கட்டுப் பிள்ளையாருக்கு நேர்ந்துவிட்டா. என்ன நேர்ந்தா, எத்தனை என்பது எனக்கு அந்த அழைப்பில்தான் தெரியவந்தது.

நான் ஓ.எல் என்கிற பதினோராம் வகுப்புப் பரீட்சை வரைக்கும் படித்தவன். ஆட்களோடு கதைப்பது எனக்கு எப்போதும் பாரம். டைல்ஸ் வேலை பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம். முகத்தைத் தரைக்கும் சுவருக்கும் கொடுத்துக்கொண்டு ஒரு நாளைக் கடத்திவிடலாம். ஆனால் எண்களோடு எனக்குக் கூச்சமில்லை. பஸ் இலக்கம், லொறி இலக்கம், டைல்ஸ் பெட்டியில் அடித்திருக்கும் இலக்கம் என்று எதைக் கண்டாலும் அது எதனால் வகுபடும் என்று மனம் தானாகத் தேடும். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் வகுபடாத எண்ணைப் பள்ளிக்கூடத்தில் முதன்மை எண் என்று படித்தோம். அப்படி ஒன்று அகப்பட்டால் மருமகளுக்கு அனுப்புவேன். அவளும் அனுப்புவாள். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது நாங்கள் இருவரும் அதிகம் கதைத்ததில்லை. எங்கள் உறவு பெரும்பாலும் எண்களாகவே போய் வந்தது.

ஆயிரத்தொன்பதையும் அவள்தான் அனுப்பியிருந்தாள். "மாமா, நாலு இலக்கத்தில வாற முதலாவது முதன்மை எண். திருப்பிப் போடுங்கோ, ஒன்பதாயிரத்தொண்டு. அதுவும் முதன்மை எண்தான்." நான் அதைச் சரிபார்த்து, ஓம் என்று பதில் போட்டிருந்தேன்.

அக்காவுக்கு இது ஒன்றும் தெரியாது. தெரியாமல்தான் பிள்ளையாரிடம் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறா.

அதில் என்ன சங்கடம் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். எங்கள் கோயிலில் விளக்கு நேர்த்தி வைப்பதற்கு ஒரு முறை உண்டு. வெளிவீதி மணலில் நிரை நிரையாக மண் சிட்டி விளக்கு வைப்பார்கள். எல்லா நிரையும் ஒரே நீளமாக இருக்கவேண்டும். கடைசி நிரை குறைந்தால் நேர்த்தியும் குறை என்று வைத்துக்கொள்வார்கள். ஒரு விளக்குத் தனித்து நிற்கவே கூடாது, ஒற்றை விளக்குச் செத்த வீட்டில் தலைமாட்டில் வைப்பது. ஊரில் எல்லோரும் நூற்றெட்டு அல்லது ஆயிரத்தெட்டுத்தான் நேர்வார்கள். அவை நல்ல எண்கள். ஆயிரத்தெட்டை இரண்டால் பிரிக்கலாம், மூன்றால், நாலால், ஆறால், ஏழால், எட்டால், ஒன்பதால் பிரிக்கலாம். எப்படி அடுக்கினாலும் முழுசாக வரும். அதனால் நிரை குறையும் என்ற பயம் இதுவரை ஒருவருக்கும் வந்ததில்லை. அக்கா ஒரு தாய் செய்யக்கூடியதைச் செய்தா: பொதுவாக ஆயிரத்தெட்டு, என் பிள்ளைக்கென்று மேலே ஒன்று. அந்த ஒன்றோடு அது எதற்கும் பிரியாத எண்ணாகிவிட்டது.

வீட்டுக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "தம்பி, சுவர் எங்கயும் ஓடாது. நீங்க போங்க. பிள்ளைக்காக நாங்களும் துஆக் கேக்கிறம்" என்று சொல்லி, தானே மோட்டார் சைக்கிளை எடுத்து என்னைப் பாலம் தாண்டி உயிலங்குளம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். வழி நெடுக, எங்கேயோ ஒரு பிழை இருக்கவேண்டும், நான் மறந்துபோன ஒரு வகுத்தல் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். நான் பிழையாக இருக்கவேண்டும் என்று விரும்பிக் கணக்குப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கோயிலடியில் அக்காவும் அயல்பெண்கள் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். சாக்கில் வந்த சிட்டிகளை எண்ணித் துடைத்து, நூறு நூறாகக் குவித்திருந்தார்கள். கடைசியில் ஒன்பது சிட்டிகள் ஒரு தட்டத்தில். திரி, எண்ணெய் எல்லாம் தயார். கோயில் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூவரச நிழலில் கதிரை போட்டிருந்தார்.

"வந்திட்டார் டைல்ஸ்காரர்" என்றார். "பொழுது சாயமுதல் கொளுத்தவேணும். சுறுக்கா நூலைப் பிடியும்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி ஒன்றும் இல்லை. நான் வந்துவிட்டேன், இனி நடக்கும் என்பது போல இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தன் தொலைபேசியை என் சட்டைப் பைக்குள் வைத்தா. "அத்தான் எடுத்தா நீ கதை. என்னால ஏலாது."

வேலைப் பையைத் திறந்து, மூலைமட்டம் வைத்து நூல் பிடித்தேன். சாணுக்கு ஒரு விளக்கு. நிரைக்கு இருபத்தெட்டு, முப்பத்தாறு நிரை. அது ஆயிரத்தெட்டுக்கான கணக்கு என்று தெரிந்தேதான் தொடங்கினேன். கை சும்மா இருந்தால் வாய் திறக்கவேண்டி வரும் என்பதால் தொடங்கினேன். பெண்கள் பின்னால் வந்து சிட்டி வைத்தார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக்கு மதில் மறைப்பாக இருந்தது. முப்பத்தாறாவது நிரை முடிந்தபோது தட்டத்தில் ஒரு சிட்டி மிஞ்சியது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"எண்ணினதில பிழையோ?" என்றா அக்கா.

"இல்லை."

"அப்ப நிரையை மாத்து."

சட்டைப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. அத்தான். "தம்பி, உள்ளுக்குக் கொண்டு போயிட்டினம். மூண்டு நாலு மணித்தியாலம் எடுக்குமாம். அக்காட்டச் சொல்லு… ஒண்டும் சொல்லாத. சும்மா உள்ளுக்குப் போயிட்டாள் எண்டு சொல்லு."

சொன்னேன். அக்கா தட்டத்திலிருந்த சிட்டியை எடுத்துச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டா.

வேலைப் பைக்குள் கிடந்த டைல்ஸ் பெட்டி மட்டையைக் கிழித்து, பென்சிலால் வகுக்கத் தொடங்கினேன். ஒற்றை எண், இரண்டால் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் பத்து, மூன்றால் போகாது. ஒன்பதில் முடிவதால் ஐந்தாலும் போகாது. ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. பதினொன்றுக்கு மீதி எட்டு. பதின்மூன்றுக்கும் எட்டு. பதினேழுக்கு ஆறு. பத்தொன்பது கிட்ட வந்துவிட்டது; ஐம்பத்துமூன்று தரம் பத்தொன்பது, ஆயிரத்தேழு வரைக்கும் போய்விட்டது. இரண்டு விளக்கு மீதி. இருபத்துமூன்று இல்லை. இருபத்தொன்பது இல்லை. முப்பத்தொன்றும் இல்லை.

அதோடு தேடல் முடிந்தது. முப்பத்தொன்றுக்கு மேலே தேடத் தேவையில்லை என்பதையும் மருமகள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். நிரையின் நீளம் முப்பத்திரண்டுக்கு மேலே என்றால், நிரைகளின் தொகை முப்பத்திரண்டுக்குக் கீழே வந்தாகவேண்டும். முப்பத்திரண்டு தரம் முப்பத்திரண்டே ஆயிரத்திருபத்துநாலு ஆகிவிடுகிறதே. சின்னப் பக்கத்தை முழுக்கத் தேடிவிட்டால் பெரிய பக்கத்தையும் தேடியதுதான். பத்துப் பதினைந்து வரி எழுதி, உலகத்தில் இல்லாத ஒன்றை இல்லை என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம். அவள் அதைச் சொல்லித் தந்தபோது எனக்கு அது அழகாகப் பட்டது. அன்றைக்கு அந்த மட்டையைக் கையில் வைத்திருக்கவே கை கூசியது.

"என்ன, வருதோ?" தலைவர் கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஒரு குளியலறைக்குக் கணக்குப் பாக்கிறவருக்கு இது பெரிய காரியமே?"

"இவன் சின்னனில இருந்தே இப்பிடித்தான். ஒரு கணக்கைக் குடுத்தா கலியாண வீட்டுச் சாப்பாட்டையும் மறந்திடுவான்" என்றா அயல்வீட்டு அக்கா ஒருத்தி. இரண்டொருவர் சிரித்தார்கள். என் அக்கா சிரிக்கவில்லை.

தலைவர் எழுந்து வந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல, நேரம் போகிறதே என்ற அவதி. "பிள்ளை, ஒண்டை எடுத்து உள்ளுக்கு, மூலஸ்தானத்தில வைப்பம். அதுவும் விசேஷம்தானே. வெளியில ஆயிரத்தெட்டும் வடிவா இருக்கு."

"எந்த ஒண்டை எடுக்கிறது?" என்றா அக்கா.

"ஏதாவது ஒண்டை."

"அதில எது என்ர பிள்ளையின்ர எண்டு உங்களுக்குத் தெரியுமோ? அவளைத் தனியப் பிரிச்சு வைக்கமாட்டன். எல்லாரோடையும் நிரையில இருக்கவேணும்."

"அப்ப கூட்டுவம். இன்னும் மூண்டு சிட்டி சேத்தா ஏதும் சரிவருமோ தம்பி?"

நான் மட்டையைப் பார்த்தபடி தலையசைத்தேன். ஆயிரத்துப் பன்னிரண்டு சரியாக வரும். இருபத்திரண்டு, நாற்பத்தாறு.

"நேர்ந்தது ஆயிரத்தொன்பது. வைக்கிறதும் ஆயிரத்தொன்பது" என்றா அக்கா. "ஒரு வாயால நேர்ந்திட்டு இன்னொரு கணக்கிலயோ குடுக்கிறது? அவளைக் கத்தியில வைச்சிருக்கிற நேரத்தில பிள்ளையாரோட பேரம் பேசச் சொல்லுறியளோ?"

"அப்ப ஒரே நிரையா நீட்டும்! குளக்கட்டு நீளத்துக்கு வையும்!" தலைவர் கையை விரித்தார்.

அவர் கோபத்தில் சொன்னாலும் அதுதான் உண்மையான ஒரே நிரை. முதன்மை எண்ணுக்கு அந்த ஒரு வழி மட்டும் எப்போதும் உண்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோடு. ஆனால் குளக்கட்டில் அடிக்கிற சோளகத்துக்குப் பெற்றோல்மாக்ஸே நிற்காது, சிட்டி எங்கே நிற்கும்? அதையும் ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பூவரச இலைகள் படபடத்துக்கொண்டிருந்தன. வெய்யில் மதிலின் மேல் விளிம்புக்கு வந்துவிட்டது.

அக்கா எனக்கு அருகில் குந்தினா. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "தம்பி, இன்னொருக்காப் பார். நீ வடிவாப் பார்க்கேல்லப் போல. அவசரத்தில எங்கயோ விட்டிட்டாய்" என்றா. கெஞ்சல் அது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவ, ஒருநாளும் என்னிடம் கெஞ்சியதில்லை.

பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டுப் பொழுது சாயும் வரைக்கும் மட்டையில் கிறுக்கிக்கொண்டிருந்திருக்கலாம். யாருக்கும் எதையும் முடியாது என்று நேருக்கு நேர் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். ஒரு வீட்டுக்காரர் பிழையான இடத்தில் தண்ணீர்க்குழாய் கேட்டாலும், சரி பார்ப்பம் என்று சொல்லிவிட்டு நகர்கிறவன்.

"அக்கா, வராது" என்றேன்.

அவ என் முகத்தைப் பார்த்தா.

"நான் தேடின குறையில்லை. இந்த எண்ணுக்கு அப்பிடி ஒரு அடுக்கு இல்லை. நான் பார்த்தாலும் வேற ஆர் பார்த்தாலும் வராது. உங்கட மகளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள்."

அக்கா என்னை அடிப்பா என்று நினைத்தேன். நான் அந்தப் பிள்ளையைப் பற்றியே ஏதோ தீர்ப்புச் சொன்னது போலத்தான் அது அவவின் காதில் விழுந்திருக்கும். சிட்டியை மூடியிருந்த சேலைத் தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தா. பிறகு கேட்டா: "அவளைக் கேட்டா வேற என்ன சொல்லுவாள்?"

அந்தக் கேள்விதான் என்னை அசைத்தது. அதுவரைக்கும் நான் நீள்சதுரத்தைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. என் தொழில் அப்படி. வராது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அதை விட்டு வெளியே வர முடிந்தது.

அவள் வேறு என்ன சொல்லுவாள்? ஒருநாள் தீவுக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்து, பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக் காட்டியிருந்தாள். முதன்மை எண்களில் இரண்டு சாதி உண்டு மாமா. நாலால் வகுத்தால் மூன்று மிஞ்சுவது ஒன்று, ஒன்று மிஞ்சுவது மற்றது. மூன்று மிஞ்சுவதை ஒன்றும் செய்ய முடியாது. ஒன்று மிஞ்சுவது எதுவாக இருந்தாலும், எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இரண்டு சதுர எண்களாக உடையும். பதின்மூன்று என்றால் ஒன்பதும் நாலும். இருபத்தொன்பது என்றால் இருபத்தைந்தும் நாலும். உடையும், ஆனால் ஒரே ஒரு விதமாக மட்டும். ஏன் என்று கேட்டேன். அது கம்பஸில் பட்டப்படிப்புக்குப் படித்தது, பஸ்ஸுக்குள் சொல்ல ஏலாது என்று சிரித்தாள்.

ஆயிரத்தொன்பதை நாலால் வகுத்தேன். மீதி ஒன்று.

அப்படியென்றால் இருக்கிறது. எங்கே என்று தெரியாது, ஆனால் இருக்கிறது. முப்பத்தொன்றின் சதுரத்தைக் கழித்தால் நாற்பத்தெட்டு, அது சதுர எண் இல்லை. முப்பதுக்கு நூற்றொன்பது, இல்லை. இருபத்தொன்பதுக்கு நூற்றறுபத்தெட்டு, இல்லை. இருபத்தெட்டுக்கு இருநூற்றிருபத்தைந்து. அதை எழுதி முடிக்க முதலே தெரிந்துவிட்டது. டைல்ஸ்காரனுக்குப் பதினைந்துக்குப் பதினைந்தைத் தெரியாமல் இருக்குமா?

"எட்டு நிரையைத் தூக்குங்கோ" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பெண்கள் திகைத்துப்போய் நின்றார்கள். "வடக்குப் பக்கத்தில எட்டு நிரை. தூக்கி இஞ்சால வையுங்கோ."

முப்பத்தாறில் எட்டுப் போக இருபத்தெட்டு நிரை, நிரைக்கு இருபத்தெட்டு. பெரிய சதுரம் ஏற்கெனவே அங்கே இருந்தது. தூக்கிய எட்டு நிரையில் இருநூற்றிருபத்துநாலு சிட்டி. புதிதாக நூல் பிடித்து, பதினைந்து பதினைந்தாக வைத்துக்கொண்டு வந்தோம். கடைசி நிரையின் கடைசி மூலையில் ஓர் இடம் மிஞ்சியது. அக்கா சேலைத் தலைப்பைத் திறந்து, கையிலிருந்த சிட்டியை எடுத்தா. அதை அந்த மூலையில் வைக்கவில்லை. அது தனித்துத் தெரியாதபடி, நடுவில் எங்கேயோ ஒன்றை எடுத்து மூலைக்கு நகர்த்தி, தன் கையிலிருந்ததை உள்ளே வைத்துவிட்டா. எந்த இடம் என்று நான் பார்க்கவில்லை.

"ரெண்டு பிரிவு" என்றார் தலைவர் சந்தேகத்தோடு.

"ரெண்டும் முழுசு" என்றேன். "குறை நிரை இல்லை."

அவர் சுற்றி வந்து, தன் கையால் காட்டிக் காட்டி இரண்டு பக்கமும் எண்ணினார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா, "பெரிசு ஊருக்கு, சின்னன் எங்களுக்கு" என்றா. அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் கற்பூரத்தைக் கொளுத்திக் கொடுத்தார்.

பெரிய சதுரத்தைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கொளுத்தினார்கள். சின்னச் சதுரத்தில் ஒருவரையும் அக்கா தொடவிடவில்லை. தானே குந்திக் குந்தி, ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போனா. காற்று மதிலுக்கு மேலால் ஒருமுறை இறங்கியது. பெரிய சதுரத்தில் நாலைந்து அணைந்தன. யாரோ ஓடிப்போய்த் திரும்ப ஏற்றினார்கள். அக்கா தலை நிமிரவில்லை. நிரைகளில் பாதி கடந்திருந்தபோது சட்டைப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது.

அத்தான் சொன்ன நேரத்துக்கு முதலே வந்த அழைப்பு. முன்கூட்டி வருகிற அழைப்பு எதுவாக இருக்கும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் ஓடியிருக்கும். பெண்கள் கையிலிருந்த திரிகளோடு அப்படியே நின்றார்கள். நான் மதிலோரம் போய்க் காதில் வைத்தேன்.

முதலில் அத்தானின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "வெளியில கொண்டு வந்திட்டினம் தம்பி. ரத்தக் கட்டி எடுத்தாச்சாம். மெசினைக் கழட்டிட்டினம், மூச்சைத் தானா எடுக்கிறாள். நான் கண்ணால பார்த்தனான்" என்றார். மிச்சத்துக்கு அழுதார்.

திரும்பினேன். அக்கா குந்தியிருந்த இடத்திலிருந்தே, என்னைப் பாராமல், ஒரு கையை உயர்த்தினா.

"சொல்லாத."

"அக்கா…"

"சொல்லாத தம்பி. முடியட்டும். நல்லதெண்டாலும் முடியட்டும், கெட்டதெண்டாலும் முடியட்டும். நடுவில நிப்பாட்டினா என்னால திரும்பத் தொடங்கேலாது."

அயல்வீட்டு அக்கா என்னைக் கண்ணால் கேட்டா. நான் மணலைப் பார்த்தேன். தலை அசைந்தாலும், முகம் மலர்ந்தாலும் யாராவது ஒரு சத்தம் போடுவார்கள், அது அக்காவின் காதுக்குப் போய்விடும். முகத்தைத் தரைக்குக் கொடுப்பது எனக்குப் பழகிய வேலை. ஆனால் அன்றைக்கு அது இலேசாக இருக்கவில்லை. தலைவர் என் முகத்தை வேறுவிதமாக வாசித்திருக்கவேண்டும். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் போய் இருந்துவிட்டார்.

அக்கா அவசரப்படவில்லை. ஒரு சிட்டியில் திரி எண்ணெய்க்குள் தாழ்ந்திருந்தது. அதை விரலால் நிமிர்த்தி, விரலைத் தலையில் துடைத்து, பிறகு ஏற்றினா. அடுத்தது. அடுத்தது. கடைசி நிரை. கடைசி மூலை. அந்தச் சுடர் நிமிரும் வரைக்கும் கையால் மறைத்துக்கொண்டு இருந்தா. பிறகு எழும்பி, முழங்கால் மணலைத் தட்டி, என் பக்கம் திரும்பினா.

"இப்ப சொல்லு."

"மூச்சைத் தானா எடுக்கிறாளாம் அக்கா. கட்டி எடுத்தாச்சாம்."

பின்னால் யாரோ "அப்பனே" என்று கத்தினார்கள். தலைவர் கதிரையை விட்டு எழும்பிக் கும்பிட்டார். அக்கா மட்டும் அசையவில்லை.

"கண் முழிச்சவளோ?"

"இன்னும் இல்லை."

அக்கா இரண்டு சதுரத்தையும் ஒருமுறை பார்த்தா. "அப்ப எண்ணெய்ப் போத்திலைக் கொண்டு வா" என்றா. "பெரிசை நீ பார். சின்னனை நான் பார்க்கிறன்."

அவள் கண் முழித்தது மறுநாள் மத்தியானம், அதுவரைக்கும் நாங்கள் விளக்குகளை அணையவிடவில்லை. சாக்கில் இருந்த திரியும் அப்போதுதான் முடிந்தது. மிஞ்சிய எண்ணெயை அக்கா கோயிலுக்கே கொடுத்துவிட்டு, யாழ்ப்பாண பஸ்ஸுக்கு ஓடினா. சிட்டிகளை நான் பொறுக்கிக் கழுவிக் காயவைத்தேன்.